முறையீட்டில் பிறந்த திருப்பணி

திருச்சபையில் தலைமை என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவர்கள், கையில் செங்கோலும் தலையில் மகுடமும் தாங்கிய ஆயரும், பீடத்தில் கைவிரித்து நிற்கும் பங்குத்தந்தையுமே. மறைக்கல்வித் தேர்வில் “திருச்சபையின் தலைவர்கள் யாவர்?” என்று கேட்டால் பாப்பரசர் முதல் பங்குத்தந்தை வரை வரிசையாக எழுதி, முழு மதிப்பெண்ணும் பெற்று விடுவோம். ஆனால் “திருச்சபையில் பணிப் பொறுப்புகள் எவ்வாறு தோன்றின?” என்று கேட்டால் நம்மில் பலர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இவ்வாண்டு தொடக்கம் வரை நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதை நாங்கள் படிக்க நேர்ந்த காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

எருசலேமில் திருச்சபை பிறந்த சிறிது காலத்திற்குள்ளாகவே அங்கு ஒரு சச்சரவு எழுந்தது. அப்போஸ்தலர் பணி நூலின் 6-ம் அதிகாரம் அதை ஒளிக்காமல் சொல்லுகிறது. விசுவாசிகளின் தொகை நாளுக்கு நாள் பெருகி வந்த நேரம் அது. அவர்களுள் ஒரு சாரார் யூதேயா நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, உள்ளூர் மொழி பேசியவர்கள். மற்றொரு சாரார் வெளிநாடுகளில் வாழ்ந்து திரும்பி, கிரேக்கம் பேசியவர்கள். எல்லோரும் உடைமைகளைப் பொதுவில் வைத்து, ஏழைகளுக்கு நாள்தோறும் உணவு பகிர்ந்தனர். அந்தப் பந்தியில் கிரேக்கம் பேசுவோரின் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டுமன்று. என்ன செய்யவில்லை என்பதையுமே. முணுமுணுத்தவர்களை அவர்கள் கண்டிக்கவில்லை. “விசுவாசிகளுக்குள் குறை பேசலாமா?” என்று கேட்கவில்லை. சபை முழுவதையும் கூட்டினார்கள். இறைவார்த்தையை அறிவிக்கும் வேலையை விட்டுவிட்டுத் தாங்களே பந்தி விசாரிப்பது முறையாகாது என்று தங்கள் எல்லையை வெளிப்படையாகச் சொன்னார்கள். நற்பெயரும் ஞானமும் உள்ள எழுவரைச் சபையாரே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். சபையார் தேர்ந்தெடுத்தனர், அப்போஸ்தலர்கள் அவர்கள் மேல் கைகளை வைத்துச் செபித்தனர்.

தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் அந்த அதிகாரத்தில் உள்ளன. நாங்கள் அவற்றை வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிச் சென்றோம். எங்கள் மறைக்கல்வி அருட்சகோதரிதான், “பெயர்களை மறுபடி வாசியுங்கள் பிள்ளைகளா, அவை எந்த மொழிப் பெயர்கள்?” என்று கேட்டார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள்! அவர்களுள் ஒருவர் அந்தியோக்கியா நகரிலிருந்து வந்து யூத மறையைத் தழுவியவர். அதாவது, குறை சொன்ன பகுதியாரிடமிருந்தே சோற்றுப் பொறுப்புக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. எல்லோருக்குமான அண்டாவையும் கரண்டியையும், இதுவரை கடைசியில் நின்றவர்களின் கையில் கொடுத்துவிட்டார்கள். இது எவ்வளவு துணிவான காரியம் என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

பந்திக்கென்று நியமிக்கப்பட்ட எழுவரும் பந்தியோடு நின்றுவிடவுமில்லை. ஸ்தேவான் என்னும் முடியப்பர் மறைநூலை எடுத்துரைத்து, முதல் வேதசாட்சியாகக் கல்லெறியுண்டு மரித்தார். பிலிப்பு சமாரியாவில் போதித்தார். பாலைவனப் பாதையில் தேரில் சென்ற எத்தியோப்பிய அதிகாரிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சோறு பரிமாற வந்தவர்களால் திருச்சபை புதிய நாடுகளுக்குச் சென்றது.

இனி நம் சொந்தக் கடற்கரைக்கு வருவோம். முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1536, 1537-ம் ஆண்டுகளில் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றனர். ஆனால் அவர்களுக்கு மறை போதிப்பார் இல்லை. 1542-ம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கிய புனித சவேரியார், அவ்வாண்டின் பிற்பகுதியில் இக்கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை உட்கார வைத்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்தார். தெருவில் மணியடித்துச் சென்று பிள்ளைகளையும் பெரியோர்களையும் கூட்டிக் கற்பித்தார். ஊர்களோ பல, குருவோ ஒருவர். நோயாளிகளைப் பார்க்க வரும்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அழைப்பு வந்தது. ஓர் ஊருக்குப் போனால் மற்றோர் ஊரார் குறைப்பட்டனர்.

அவர் செய்த ஏற்பாட்டை 1544-ம் ஆண்டு ஜனவரி மாதம் ரோமையிலிருந்த தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் தாமே விவரித்துள்ளார். செபங்களைக் கற்ற சிறு பிள்ளைகளை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். பிள்ளைகள் சென்று, வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் செய்து, நோயாளிக்காகச் செபித்தனர். சுகம் கேட்டுப் போனவர்கள் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள்! நாங்களெல்லாம் “பெரியவர்கள் ஆனபின் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளி வைக்கும் பணியை அன்று நம்மிலும் சிறியவர்கள் செய்திருக்கிறார்கள். பெரியோர்களில் தகுந்தவர்களைத் தேர்ந்து ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளாக வைத்தார். ஞாயிறு செபத்தை நடத்துவதும், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பணத்தைக் கேட்டு வாங்கி அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார் என்பது வரலாறு. இன்றும் நம் பங்குகளில் உபதேசியார் என்று அழைக்கப்படும் பெரியவரின் மூதாதையர் இவர்களே. மணியடிப்பவர், மெழுகுவர்த்தி ஏற்றுபவர் என்ற அளவில்தான் அவரை நாம் நினைக்கிறோம் என்பது வருத்தத்திற்குரியது.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இவ்வாறே நடந்தது. 1658-ல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் வசமானது. கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது, குருக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687-ல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சென்றபோது, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் குருவின் முகம் காணாத மக்கள் விசுவாசத்தைக் காத்து வைத்திருந்தனர். வீட்டுக்குள் செபம் சொல்லிக் கொடுத்த தாய்மாரும் ஊர்ப் பெரியவர்களும் காத்து வைத்தது அது. அடிகளார் போன இடமெல்லாம் மூப்பர்களையும் அண்ணாவியார்களையும் நியமித்து, தாம் இல்லாத நாட்களில் செபத்தை நடத்தும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். 1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியபோது நோயாளிகளைத் தம் கையால் பராமரித்தார். அவருக்கு 2015-ம் ஆண்டு ஜனவரி 14-ம் நாள் கொழும்பில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

முறையீடு எல்லாக் காலத்திலும் உடனே கேட்கப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். புனித தேவசகாயம் 1745-ம் ஆண்டு மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊர். அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. மனைவியோடு இல்லறம் நடத்திய அரண்மனை அலுவலர். இந்தியப் பொதுநிலையினரில் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவர். அது 2022-ம் ஆண்டு மே 15-ம் நாள் நடந்தது. அத்தகைய ஊரிலே பிற்காலத்தில் கட்டப்பட்ட ஆலயம், சாதிக்கு ஒரு பக்கமாக இரு கிளைகளாய்ப் பிரிந்து, பீடத்தருகே மட்டும் சேரும்படி அமைந்திருந்தது. பீடத்தில் நிற்கும் குரு இரு பக்கத்தாரையும் காணலாம். அவர்கள் ஒருவரையொருவர் காண முடியாது. 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் ஏறினர். ஆனாலும் சுவர் மீண்டும் எழவில்லை. செங்கல் சுவர் போயிற்று. கல்லறைத் தோட்டத்திலும், தேர் செல்லும் தெருவிலும், திருமணப் பேச்சிலும் இருக்கும் சுவர் போயிற்றா என்று கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சை மாற்றி விடுகிறார்கள்.

பெண்களாகிய நம்முடைய கதையும் இதிலே சேர்ந்ததுதான். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், 1844-ம் ஆண்டு புதுச்சேரியில் துப்புயி அடிகளார் பெண்கல்விக்கென்றே ஒரு கன்னியர் சபையை நிறுவினார். நம் நாட்டுப் பெண்களே அதில் சேர்ந்து ஆசிரியைகளாயினர். நாம் இன்று இந்த மலரில் கட்டுரை எழுதுகிறோம் என்றால், அது போன்ற தொடக்கங்களின் பயனே.

இவ்வாறு அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்து வந்ததைத் திருச்சபை முழுவதற்கும் உரியதாக்கியது இரண்டாம் வத்திக்கான் சங்கம். பாப்பரசர் 23-ம் அருளப்பர் கூட்டிய இச்சங்கம் 1962-ம் ஆண்டு அக்டோபர் 11-ம் நாள் தொடங்கி, 6-ம் சின்னப்பர் காலத்தில் 1965-ம் ஆண்டு டிசம்பர் 8-ம் நாள் நிறைவு பெற்றது. உலகம் அதற்குள் வெகுவாக மாறியிருந்தது. இரண்டு உலகப் போர்கள் முடிந்திருந்தன. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றிருந்தன. கிராமத்தார் நகரங்களை நோக்கிப் பெயர்ந்தனர். பெண்கள் அலுவலகத்திற்கும் ஆலைக்கும் சென்றனர். இலத்தீன் திருப்பலி தாய்மொழிக்கு மாறியதை நம் பாட்டிமார் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

சங்கத்தின் ஏடுகளுள் திருச்சபையைப் பற்றியது 1964-ம் ஆண்டு நவம்பர் 21-ம் நாள் வெளியானது. அதன் அதிகார வரிசையிலேயே ஒரு பாடம் இருக்கிறது என்று அருட்சகோதரி எடுத்துக் காட்டினார்கள். இறைமக்கள் எல்லோரையும் பற்றிய அதிகாரம் முன்னால் வருகிறது. ஆயர்கள், குருக்கள் ஆகியோரைப் பற்றிய அதிகாரம் அதன் பின்னால் வருகிறது. குருவும் முதலில் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவரே; பிறகுதான் குரு.

அச்சங்கத்திலும் ஒரு முறையீடு எழுந்தது. 1963-ல் பெல்ஜிய நாட்டுக் கர்தினால் சூனன்ஸ், மனித குலத்தில் பாதியாகிய பெண்கள் இங்கே ஏன் இல்லை என்று கேட்டார். மறு ஆண்டு முதன்முறையாகப் பெண்கள் அழைக்கப்பட்டனர். சங்கம் முடிவதற்குள் மொத்தம் 23 பெண்கள் பார்வையாளர்களாக அமர்ந்தனர். வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் சென்று, 2023-ம் ஆண்டு அக்டோபரில் ரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். இடையில் 1994-ல், ஆயர் இசைந்தால் பெண்பிள்ளைகளும் பீடப்பணி செய்யலாம் என்று ரோமை தெளிவுபடுத்தியது. வாசகர், பீடத்துணைவர் என்னும் பணிகளில் ஆண்களைப் போலப் பெண்களும் முறைப்படி நியமனம் பெறலாம் என்று 2021-ம் ஆண்டு ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் சட்டத்தை மாற்றினார். கேட்ட கேள்விக்குப் பதில் வரச் சில வேளை ஒரு தலைமுறை ஆகிவிடுகிறது. கேட்காமலே இருந்திருந்தால்?

பங்கு அளவில் வந்த மாறுதல் பங்குப் பேரவை. 1983-ல் பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இதற்கென ஒரு விதி உண்டு. ஆயர் நலமெனக் கருதினால் ஒவ்வொரு பங்கிலும் பேரவை அமைக்கலாம். அது பங்குத்தந்தைக்கு ஆலோசனை கூறும். அதற்கு அடுத்த விதி நிதிக்குழுவைப் பற்றியது. அது ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும். பணத்தைப் பார்த்துக்கொள்ளும் குழு கட்டாயம், ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் குழு ஆயரின் விருப்பம் என்று நாங்கள் சிரித்தோம். “பணத்தில்தான் பழி முதலில் வரும், அதனால்தான் கட்டாயம்” என்றார்கள் அருட்சகோதரி. நியாயமாகத்தான் பட்டது.

தெருவாரியாகப் பத்து, இருபது குடும்பங்கள் கூடி மறைநூல் வாசித்துச் செபிக்கும் அன்பியங்களும் பின்னாளில் நம் பங்குகளில் வேரூன்றின. இதன் நன்மை யாவரும் அறிந்ததே. பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்பது அன்பியத்தில்தான் தெரிகிறது. ஆனால் மாலை ஏழு மணிக்கு அன்பியம் என்றால், இரவு வேலைக்குப் போகும் தாய் எப்படி வருவார்? மகன் வெளிநாட்டில் இருக்க, மாடியில் தனியே படுத்திருக்கும் தாத்தா எப்படி இறங்கி வருவார்? அறிவிப்புகள் கைப்பேசிக் குழுவில் வருகின்றன. கைப்பேசி இல்லாத பாட்டிக்கு யார் சொல்வது? காலம் மாறும்போது ஏழைகள் ஒழிந்துவிடுவதில்லை. அவர்கள் வேறிடத்தில், வேறு நேரத்தில், சில வேளை வேறு மொழியில் இருக்கிறார்கள். பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். இதை நாங்கள் ஏட்டில் படித்து அறியவில்லை.

சென்ற ஆண்டு எங்களில் சிலர் சேர்ந்த பங்கில் திருவிழா நடந்தது. கொடியேற்றம், நவநாள், சப்பரம் எல்லாம் முடிந்து பத்தாம் நாள் அசனம். பந்தியில் பரிமாறும் வேலை மறைக்கல்வி மாணவிகளாகிய எங்களுக்கு. புதுப் பாவாடை தாவணியோடு வாளியும் கரண்டியும் ஏந்தி, நாங்களே விழா நடத்துவதுபோல் ஓடி ஓடிப் பரிமாறினோம். தூக்குவாளியோடு வந்தவர்களுக்கும் இல்லையென்னாமல் ஊற்றினோம். எங்கள் வீட்டாருக்கென்று சில பாத்திரங்களில் கறிக்குழம்பை முன்னதாகவே எடுத்து, கோவில் சரக்கறையில் மூடி வைத்திருந்தோம். அதை ஒரு குற்றமாக நாங்கள் நினைக்கவில்லை. வேலை செய்தவர்களுக்குப் பங்கு உண்டல்லவா?

பிற்பகல் மூன்று மணி இருக்கும். எங்கள் ஊருக்கு வெளியே உள்ள நூற்பாலையின் பேருந்து வந்து நின்றது. இறங்கியவர்கள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்யும் வடமாநிலப் பெண்கள். பதினெட்டு, இருபது வயதினர். ஜார்க்கண்டு மாநிலத்திலிருந்து வந்த கத்தோலிக்கப் பிள்ளைகள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆலயத்தின் கடைசியில், தூணருகே நின்று திருப்பலி காண்பவர்கள். திருப்பலி முடியுமுன்னரே பேருந்து அழைத்துப் போய்விடும். அவர்கள் யாரென்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று காலை வேலைமுறை முடிந்து, ஆலயத்தில் விருந்து என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள்.

குழம்பு அண்டா காலி. சோறு மட்டும் அடியில் இருந்தது. கொஞ்சம் ரசம் இருந்தது. அதைப் பரிமாறினோம். அவர்களில் ஒருத்தி அண்டாவைக் காட்டி எங்களிடம் ஏதோ கேட்டாள். எங்களுக்கு விளங்கவில்லை. விளங்காததால் சிரித்தோம். அவளும் சிரித்துவிட்டு, ரசத்தைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள்.

எங்களுள் ஒரு தோழி இந்திப் பிரசார சபைத் தேர்வு எழுதியவள். அவள் அப்போது கை கழுவும் இடத்தில் நின்றிருந்தாள். பேருந்து போன பிறகு எங்களிடம் வந்து, “அந்த அக்கா என்ன கேட்டாங்க தெரியுமா? எங்களுக்கு மட்டும் தீர்ந்துபோச்சா, எல்லாருக்குமே தீர்ந்துபோச்சான்னு கேட்டாங்க” என்றாள். சரக்கறையில் மூடி வைத்த பாத்திரங்கள் எங்கள் நினைவுக்கு வந்தன. அன்று மாலை அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போனோம். ஆனால் எங்களில் எவருக்கும் அந்தக் குழம்பு இறங்கவில்லை.

மறு ஞாயிறு அருட்சகோதரியிடம் அழாத குறையாகச் சொன்னோம். அவர்கள் ஏசவில்லை. “அப்போஸ்தலர் பணி 6-ம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வாருங்கள்” என்று மட்டும் சொன்னார்கள். மேலே எழுதிய பாடமெல்லாம் அவ்விதம் தொடங்கியதுதான். வாசித்துவிட்டுப் போனபோது, “நீங்களே பங்குப் பேரவையில் சொல்லுங்கள்” என்றார்கள். நாங்கள் அதை எதிர்பார்க்கவில்லை.

பேரவையில் எங்கள் தந்தையர் வயதுடையவர்கள் அமர்ந்திருந்தனர். எழுதி வைத்துக்கொண்டு போனதையே நடுங்கும் குரலில் வாசித்தோம். குழம்பை எடுத்து வைத்ததையும் சொன்னோம். ஒரு பெரியவர், “பந்தி பன்னிரண்டு மணிக்கென்று அறிவித்தாயிற்று, பிந்தி வந்தால் யார் என்ன செய்ய?” என்றார். ஆலையில் மேஸ்திரியாக இருக்கும் ஒருவர் எழுந்து, “ஷிப்டு முடிகிறதே இரண்டு மணிக்கு, அவர்கள் பறந்தா வருவார்கள்?” என்றார். இன்னொருவர், இன்று இருப்பவர்கள் நாளை ஊருக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்காகப் புது ஏற்பாடு எதற்கு என்று கேட்டார். பங்குத்தந்தை எல்லோரையும் பேசவிட்டு, கடைசியில் எங்களைப் பார்த்து, “அவர்களிடம் கேட்டீர்களா, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று?” என்றார். நாங்கள் கேட்கவில்லை. பேரவையிலும் எவரும் கேட்டிருக்கவில்லை.

எனவே அடுத்த மாதம் அவர்கள் வந்த ஞாயிறன்று தோழியின் இந்தியைத் துணைகொண்டு கேட்டோம். சாப்பாட்டைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்ய மொழி இல்லை என்றார்கள். தங்கள் ஊரில் தங்கள் சாத்ரி மொழியில் பாடிப் பழகியவர்கள், இங்கே பாட்டு வரும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது அழுகையாய் வருகிறது என்றார்கள்.

அவர்களுடைய ஊர் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் நூலகத்தில் தேடியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. சோட்டா நாக்பூர் என்று அழைக்கப்பட்ட அம்மலைநாட்டுக்கு 1885-ல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்னும் பெல்ஜிய சேசுசபைக் குரு வந்தார். ஆதிவாசி மக்கள் நிலக்கிழார்களால் நிலத்தை இழந்தும், கூலியில்லா வேலைக்கு இழுக்கப்பட்டும் வருந்தினர். வழக்குமன்றத்தில் அவர்களுக்காகப் பேசுவார் இல்லை. அவர் நிலச் சட்டங்களைப் படித்து, வழக்குகளில் அவர்களுக்கு வழிகாட்டினார். மக்கள் ஊர் ஊராகத் திருமறையை நாடி வந்தனர். அவரோடு சேர்ந்து அவர்களிடையே உழைத்தவர்கள் உள்ளூர் உபதேசியார்களே. காசநோயால் நலிந்து தம் நாடு திரும்பிய அவர் 1893-ல் 37-ம் வயதில் இறந்தார். வயல் வழக்கைக் கேட்டவரிடமிருந்து விசுவாசம் பெற்றவர்களின் பேத்திமார்தாம் எங்கள் ஆலயத் தூணருகே நின்றவர்கள்.

இவ்வளவும் தெரிந்தபின் பேரவை சில ஏற்பாடுகளைச் செய்தது. அவர்கள் வரும் ஞாயிறன்று மன்றாட்டுகளில் ஒன்று இந்தியில் சொல்லப்படுகிறது. அதை அவர்களுள் ஒருவரே சொல்லுகிறார். காணிக்கைப் பவனியின்போது அவர்களுடைய பாட்டு ஒன்று பாடப்படுகிறது. முதல் முறை பாடியபோது ஆலயம் திரும்பிப் பார்த்தது. சில பாட்டிமார் முகம் சுளித்ததையும் மறைப்பதற்கில்லை. இந்தி அறிந்த குரு ஒருவர் தவக்காலத்தில் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். வரிசை ஆலய வாசல் வரை நின்றது.

அசனக் குழுவைப் பற்றிய பேச்சுத்தான் நீண்டது. அவர்களுக்குத் தனியாக உணவு எடுத்து வைத்தால் போதும் என்றனர் சிலர். நாங்கள் 6-ம் அதிகாரத்தின் பெயர்ப் பட்டியலைச் சொன்னோம். ஏழு பெயரும் கிரேக்கப் பெயர் என்று நாங்கள் சொன்னபோது, முன்பு கடிந்து பேசிய அந்தப் பெரியவர் தம் வேதாகமத்தைப் பிரித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரி, அதில் மூன்று பேரைக் குழுவிலே போடுங்கள்” என்றார்.

இவ்வாண்டுத் திருவிழாவில் இரண்டு பந்திகள் வைக்கப்பட்டன. இரண்டாவது மூன்று மணிக்கு. குழுவில் சேர்ந்த மூவருள் ஒருத்தி, எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவள், அதற்குள் ஊர் திரும்பிவிட்டாள். திருமணம் என்று கேள்விப்பட்டோம். அவளிடம் மன்னிப்புக் கேட்க நாங்கள் எழுதி வைத்திருந்த இந்திக் கடிதம் தோழியின் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது, முகவரி தெரியவில்லை. மற்ற இருவரும் விடுதி வார்டனிடம் உத்தரவு பெற்றுக் காலையிலேயே வந்துவிட்டனர். முதல் பந்தியில் எங்கள் வீட்டாருக்கும், எங்கள் தெருவாருக்கும், அந்தப் பெரியவருக்கும் குழம்பு ஊற்றியவர்கள் அவர்களே. சரக்கறைச் சாவி அன்று முழுவதும் அவர்களுள் ஒருத்தியின் இடுப்பில் இருந்தது.